ஆய்வு முடிவை ஊருக்குச் சொல்லும் முறை

தேனி மாவட்டம் பொட்டிப்புரம் அருகே, போடி மேற்கு மலையில், நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் கூடம் ஒன்றை அமைக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய். மலையைக் குடைந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கம், அதன் முடிவில் 50,000 டன் எடையுள்ள இரும்பு உணர்கருவி, கருவியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1 கிலோமீட்டர் அளவுக்குப் பாறை என்பது திட்டம். விண்ணிலிருந்து பொழியும் பிற துகள்களைப் பாறை தடுத்துவிடும், நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும் என்பதால்தான் மலைக்கடியில் இடம் தேடினார்கள். கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களை 1965-இல் பதிவு செய்ததும் இதே காரணத்தால்தான்.

திட்டத்துக்கு எதிர்ப்பு கிளம்பியபோது அறிவியலாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன விடை, நியூட்ரினோ தீங்கற்றது, ஒவ்வொரு நொடியும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் நம் உடலைத் துளைத்துச் செல்கின்றன, நமக்கு ஒன்றும் ஆவதில்லை என்பது. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் மலையடிவாரத்தில் இருந்தவர்கள் கேட்டவற்றில் பெரும்பகுதி வேறாக இருந்தது: பாறையை வெடி வைத்து உடைக்கும்போது ஊற்றுகளும் கிணறுகளும் என்ன ஆகும், அணைகளுக்கு அதிர்வு எட்டுமா, வெட்டியெடுத்த கல்லை எங்கே கொட்டுவார்கள், ஆடுமாடு மேய்க்க மலைக்குப் போக விடுவார்களா, வேலைக்கான தண்ணீர் எங்கிருந்து வரும். துகளைப் பற்றிய விடை, பாறையைப் பற்றிய கேள்விக்கு விடையாகாது. திட்டம் நின்றுபோனதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழலையும் புலிகளின் வழித்தடத்தையும் முன்வைத்து அனுமதிக்க இயலாது என்று தமிழ்நாடு அரசு 2022-இல் உச்ச நீதிமன்றத்திடம் தெரிவித்தது. அது தனி வாதம். எனினும், ஆய்வைப் பொதுமக்களிடம் எடுத்துச் சொல்ல விரும்பும் ஆய்வாளர் ஒருவர் முதலில் கற்க வேண்டிய பாடம் பொட்டிப்புரத்தில் இருக்கிறது. நமக்கு விடை தெரிந்த கேள்விக்கு விடை சொல்லிவிட்டு, கேட்டவரின் கேள்விக்குச் சொன்னதாக நினைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு.

கேள்விகளிலிருந்து தொடங்குங்கள்

ஆகவே எழுத உட்காரும் முன், ஆய்வுக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு, அதைப் படிக்கப் போகிறவர் கேட்கக்கூடிய கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். கற்பனையில் எழுத வேண்டாம். துறைக்கு வெளியே இருக்கும் மூன்று பேரிடம், உங்கள் ஆய்வு எதைப் பற்றியது என்பதை இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிட்டு, அவர்கள் அடுத்து என்ன கேட்கிறார்கள் என்பதை அப்படியே, அவர்கள் சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விகள் பெரும்பாலும் உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் விடை சொல்லப்பட்டவையாகவோ, விடையே சொல்லப்படாதவையாகவோ இருக்கும். விடை இல்லாத கேள்விக்கு, அதை நாங்கள் ஆராயவில்லை என்று நேராக எழுதுவது தகும். அது உங்கள் மதிப்பைக் குறைக்காது.

கேள்விகள் ஆளுக்கு ஆள் மாறும். வங்கக்கடலில் புயல்கள் எவ்வளவு விரைவாக வலுப்பெறுகின்றன என்பது உங்கள் ஆய்வு என்றால், நாகப்பட்டினத்து மீனவருக்கு அதிலிருந்து தேவைப்படுவது, கரை திரும்ப முன்பைவிட எவ்வளவு நேரம் குறைவாகக் கிடைக்கும் என்பது. அறுவடைக்கு நிற்கும் சம்பா வயலின் உரிமையாளருக்கு, முன்னறிவிப்பை எத்தனை நாள் முன்னதாக நம்பலாம் என்பது. பேரிடர் மேலாண்மை அலுவலருக்கு, எந்த நிலையில் முகாம்களைத் திறப்பது என்பது. மூவருக்கும் ஒரே கட்டுரை எழுதலாம் என்று நினைத்தால் மூவரும் படிக்காத ஒன்றைத்தான் எழுதுவோம்.

தமிழ் வாக்கியத்தில் முடிவு எங்கே ஒளிந்துகொள்கிறது

ஆய்வுக் கட்டுரை பின்னணியில் தொடங்கி, முறையைச் சொல்லி, முடிவுக்கு வரும். பொது வாசகருக்கு எழுதும்போது இந்த வரிசையைத் தலைகீழாக்கி முடிவை முதலில் சொல்ல வேண்டும் என்பதை எல்லோரும் அறிவோம். அறிந்தும் தவறுகிறோம். தமிழில் வினை வாக்கியத்தின் இறுதியில் வருவதால், பெயரெச்சங்களையும் வினையெச்சங்களையும் கோத்துக்கொண்டே போய்க் கடைசிச் சொல்லில்தான் நடந்தது என்ன என்பதைத் திறந்து காட்டுகிறோம். போதாக்குறைக்கு, 'கண்டறியப்பட்டுள்ளதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது' என்ற செயப்பாட்டு வினை, கண்டறிந்தவரையும் தெரிவித்தவரையும் ஒரே மூச்சில் மறைத்துவிடுகிறது.

எடுத்துக்காட்டாக இப்படி ஒரு வாக்கியம்: 'ஏறத்தாழ 43,000 பேர் பங்கேற்று, இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, கட்டுப்பாட்டுக் குழுவுடன் ஒப்பிடப்பட்ட மருத்துவச் சோதனையில், இத்தடுப்பூசி 95 சதவீதத் திறன் கொண்டிருப்பது கண்டறியப்பட்டுள்ளதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது.' இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் படித்து முடித்தவருக்கு எஞ்சுவது 95 என்ற எண் மட்டுமே.

அதே செய்தியை இப்படிப் பிரித்து எழுதலாம். 'ஃபைசர் நிறுவனம் 2020-இல் தன் கொரோனா தடுப்பூசியை ஏறத்தாழ 43,000 பேரிடம் சோதித்தது. பாதிப் பேருக்குத் தடுப்பூசியும் மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போடப்பட்டன. தனக்குப் போடப்பட்டது எது என்பது பங்கேற்றவருக்குத் தெரியாது. இரண்டாம் ஊசி போட்டு ஒரு வாரம் கழிந்த பின், உப்புநீர் போட்டுக்கொண்டவர்களில் 162 பேருக்கு நோய் கண்டது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில் 8 பேருக்குக் கண்டது.' சொற்கள் கூடிவிட்டன என்பது உண்மைதான். சுருக்கமே தெளிவு என்று நம்புகிறவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். ஆனால் யார், எத்தனை பேரிடம், எதனுடன் ஒப்பிட்டு, எவ்வளவு காலத்துக்குப் பின், என்ன கண்டார்கள் என்ற ஐந்துக்கும் இதில் இடம் இருக்கிறது. எந்தத் துறை ஆய்வானாலும் இந்த ஐந்தும் இல்லாமல் முடிவைச் சொல்லக் கூடாது. விலங்குகளில் செய்த சோதனை என்றால், 'எலிகளில்' என்ற சொல் முதல் வாக்கியத்திலேயே வந்தாக வேண்டும். ஏழாவது பத்தியில் வந்தால், அதற்குள் வாசகர் அந்த மருந்தைத் தன் அப்பாவுக்கு வாங்கித் தருவது பற்றி யோசிக்கத் தொடங்கியிருப்பார்.

சொற்கள் செய்யும் கலகம்

கலைச்சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. என் அனுபவத்தில், தெரியாத சொல் செய்யும் தீங்கு குறைவு. வாசகர் அதைக் கண்டதும் புரியவில்லை என்று உணர்ந்து நிற்பார் அல்லது கேட்பார். ஏற்கெனவே தெரிந்த சொல், துறைக்குள் வேறு பொருளில் புழங்கும்போதுதான் ஆபத்து. வாசகர் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வேறு பாதையில் போய்விடுவார்.

மேலே நான் வேண்டுமென்றே விட்டுவைத்த 'கட்டுப்பாட்டுக் குழு' என்ற சொல்லைப் பாருங்கள். துறைக்குள் அது மருந்து பெறாமல் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டவர்களைக் குறிக்கிறது. ஊரில் அது யாரையோ கட்டுப்படுத்தும் அதிகாரிகளின் குழு. 'ஒப்பீட்டுக் குழு' என்று எழுதினால் தொல்லை இல்லை. 'மாதிரி' இன்னும் மோசம். இரத்த மாதிரியும் மாதிரிதான், கணினியில் ஓட்டும் பருவநிலை மாதிரியும் மாதிரிதான், 'அந்த மாதிரி' என்று பேச்சில் வருவதும் மாதிரிதான். ஒரே பத்தியில் இரண்டு பொருளிலும் அதைப் பயன்படுத்திய கட்டுரைகளைத் திருத்தியிருக்கிறேன். எழுதியவருக்குக் குழப்பம் கண்ணில் பட்டதே இல்லை. ஒன்றைக் 'கணினிக் கணிப்பு முறை' என்று விரித்து எழுதுங்கள். 'ஆய்வு' என்றால் ஆட்சியர் அணையைப் பார்வையிட்டதும் ஆய்வு. 'சோதனை' என்றால் வருமான வரித்துறை வீடு புகுந்ததும் சோதனை. 'பிழை' என்று நீங்கள் அளவீட்டின் வரம்பைச் சொன்னால், வாசகர் நீங்கள் தவறு செய்துவிட்டதாக எடுத்துக்கொள்வார். 'குறிப்பிடத்தக்க வேறுபாடு' என்று புள்ளியியல் பொருளில் எழுதினால் பெரிய வேறுபாடு என்றே படிப்பார். நீங்கள் சொல்ல வந்ததோ, இது தற்செயலாக நேர்ந்திருக்க இடம் குறைவு என்பது மட்டுமே. வேறுபாடு மிகச் சிறிதாகவும் இருக்கலாம்.

'வாய்ப்பு' என்ற சொல்லுக்குத் தமிழில் நல்ல மணம் உண்டு. மழைக்கு வாய்ப்பு, வேலைக்கு வாய்ப்பு. 'புற்றுநோய் வருவதற்கான வாய்ப்பு' என்று எழுதும்போது செவிக்கு உறுத்துகிறது. 'அபாயம்' என்றால் அச்சம் ஏறிவிடுகிறது. '100 பேரில் எத்தனை பேருக்கு வருகிறது' என்று வாக்கியத்தையே மாற்றிவிட்டால் இரண்டு சொல்லும் தேவைப்படாது.

பொட்டிப்புரத்துக்கு மீண்டும் போனால், அங்கும் இரண்டு சொற்கள் தம் வேலையைக் காட்டின. 'அணு' என்பது இயற்பியலில் எல்லாப் பொருளுக்கும் அடிப்படை. தமிழ்நாட்டுப் பேச்சில் அது அணு உலையும் அணுகுண்டும்தான். 'கதிர்வீச்சு' என்றால் வெயிலும் வானொலி அலையும் அதில் அடங்கும் என்பது பாடநூலில் உண்டு, தெருவில் இல்லை. அணுசக்தித் துறையின் நிதியில் அமையும் துகள் ஆய்வுக்கூடம் என்ற வரியைப் படிக்கிறவர், அங்கே அணுக்கழிவைப் புதைக்கப் போகிறார்களோ என்று ஐயப்பட்டால் அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அந்த வரியின் சொற்களே அவரை அங்கே கொண்டு போய் விடுகின்றன. இப்படிப்பட்ட சொல்லைத் தவிர்க்க முடியாதபோது, அது எதைக் குறிக்கவில்லை என்பதையும் அங்கேயே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும்.

கடல் கடந்து எழுதும்போது இன்னொரு கவனம் தேவை. தமிழ்நாட்டில் எலக்ட்ரான் என்பது இலங்கையில் இலத்திரன். இங்கே ஆக்சிஜன், அங்கே ஒட்சிசன். இங்கே செல், அங்கே கலம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 19-ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மரபு அந்த மண்ணுக்கு உண்டு; அங்குள்ள சொற்களைப் பிழை என்று எண்ணித் திருத்தும் பழக்கம் நமக்கு வேண்டாம். இரு நாட்டு வாசகரும் படிப்பார்கள் என்றால், முதல் முறை வரும்போது இரண்டு சொல்லையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் பின் ஒன்றோடு நில்லுங்கள். எண்களிலும் அப்படியே: தமிழ்நாட்டு வாசகருக்கு 15 லட்சம், இலங்கை வாசகருக்கு 1.5 மில்லியன்.

எண்கள்: எவ்வளவிலிருந்து எவ்வளவு

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் சிலவற்றால் இரத்தக் குழாயில் உறைகட்டி ஏற்படும் அபாயம் இரு மடங்காகிறது என்று எச்சரித்தது. செய்தி வேகமாகப் பரவியது. பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடின என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. இரு மடங்கு என்றது தவறல்ல. பழைய மாத்திரையை எடுத்துக்கொண்ட 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, புதிய மாத்திரையில் 7,000 பேரில் இருவருக்கு வந்தது. அந்த 7,000 என்ற எண் மட்டும் தலைப்பில் இடம்பெறவில்லை. கருவுற்றிருக்கும் காலத்தில் உறைகட்டி ஏற்படும் அபாயம் மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதும் சொல்லப்பட வேண்டிய இடத்தில் சொல்லப்படவில்லை.

எனவே மடங்கையோ சதவீத உயர்வையோ தனியாக விடாதீர்கள். எவ்வளவிலிருந்து எவ்வளவு ஆனது என்பதை ஆட்களின் எண்ணிக்கையாகச் சொல்லுங்கள். தமிழில் 'இரு மடங்கு அதிகம்' என்ற தொடரை நான் எழுதுவதே இல்லை. ஒன்று இரண்டானதா, மூன்றானதா என்று அதைப் படித்துச் சொல்ல முடியாது. 'இரு மடங்கானது' என்றால் சந்தேகமில்லை.

ஆனால் இதை ஒரு சூத்திரமாக மனப்பாடம் செய்துகொண்டாலும் தவறு நேரும். தடுப்பூசிச் சோதனையைப் பாருங்கள். ஒவ்வொரு குழுவிலும் கணக்கில் கொள்ளப்பட்டவர்கள் ஏறத்தாழ 18,000 பேர். உப்புநீர்க் குழுவில் 1,000 பேருக்கு 9 பேர், தடுப்பூசிக் குழுவில் 1,000 பேருக்கு ஒருவர்கூட இல்லை. ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் சொன்னால், ஆயிரத்தில் எட்டொன்பது பேருக்கு உதவும் ஊசிக்கா இத்தனை ஆரவாரம் என்று தோன்றும். அந்த 9 என்பது ஏறத்தாழ இரண்டு மாதங்களில் நோய் கண்டவர்களின் கணக்கு. ஓராண்டு பெருந்தொற்று முழுவதற்குமான கணக்கல்ல. மாத்திரைச் செய்தியில் மடங்கு ஏமாற்றியது, இங்கே தனி எண்ணிக்கை ஏமாற்றுகிறது. இரண்டையும் கொடுத்து, காலத்தையும் சேர்த்துக் கொடுப்பதே பாதுகாப்பான வழி. 95 சதவீதத் திறன் என்றால் ஊசி போட்ட 100 பேரில் 5 பேருக்கு நோய் வரும் என்று படித்த பட்டதாரிகள்கூட நம்பினார்கள். 162 எங்கே, 8 எங்கே என்று காட்டியிருந்தால் அந்தத் தவறான கணக்குக்கு இடமே இருந்திருக்காது.

அளவைக் கையில் பிடித்துப் பார்க்கும்படி தருவது அடுத்த வேலை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் கனமழை, 115.6-க்கு மேல் மிக கனமழை, 204.5-க்கு மேல் அதி கனமழை. அதற்கு மேல் மில்லிமீட்டர் வரம்பு வகுத்த சொல் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. அதுவும் அதி கனமழைதான், 21 சென்டிமீட்டர் பெய்தாலும் அதி கனமழைதான். சொல் தீர்ந்துபோன இடத்தில் அளவு பேச வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 1 லிட்டர் தண்ணீர். அப்படியானால் பத்தடிக்குப் பத்தடி மொட்டை மாடி ஒன்றின் மேல் மட்டும் அன்று கொட்டியது, 9,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றின் கொள்ளளவுக்குச் சற்றே குறைவு. இந்தக் கணக்கைப் போட இரண்டு நிமிடம் ஆகும். வாசகர் அதைத் தன் வீட்டு மாடியோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வார்.

உறுதியின் அளவைச் சொல்வது

தமிழ்நாடு தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் வெளியிட்ட கீழடி அறிக்கையில், 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரிம மாதிரியின் காலம் கி.மு. 580 என்றும், 200 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த இன்னொன்றின் காலம் கி.மு. 205 என்றும் இருந்தன. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள ஆய்வகம் ஒன்று அந்தக் கரித்துண்டுகளைக் கணக்கிட்டுத் தந்தது. 'கீழடி கி.மு. 580-இல் உருவானது' என்று மறுநாளே பலர் எழுதினார்கள். அந்த எண் கீழடி உருவான ஆண்டைக் கூறவில்லை. ஒரு மரமோ செடியோ உயிரோடு இருப்பதை நிறுத்திக்கொண்டு, காற்றிலிருந்து கரிமத்தை எடுக்காமல் விட்ட காலத்தை, முன்னும் பின்னும் சில பத்தாண்டுகள் விலகக்கூடிய ஒரு வரம்புக்குள் அது சொல்கிறது. அந்தக் கரி கிடைத்த அதே அடுக்கில் கிடைத்த பானையோடும் செங்கலோடும் அதை இணைப்பது, மண்ணடுக்கைப் படித்தறிந்த அகழாய்வாளரின் வேலை.

இதை எழுதினால் பெருமை குறைந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. எனக்கு அது எதிராகவே படுகிறது. எதை அளந்தார்கள், எதிலிருந்து எதை உய்த்தறிந்தார்கள் என்று படிப்படியாகச் சொல்லப்பட்ட முடிவைப் பின்னாளில் யாரும் எளிதில் உதற முடியாது. ஒற்றை எண்ணாக ஊதப்பட்டது, புதிய மாதிரி ஒன்று வேறு எண் தரும் நாளில் தானே சரியும். ஆகவே அளந்தது, கணித்தது, கருதுவது என்ற மூன்றையும் மூன்று வினைகளால் பிரித்து எழுதுங்கள்: 'அளந்தோம்', 'இதிலிருந்து கணிக்கிறோம்', 'இப்படி இருக்கலாம் என்று கருதுகிறோம்'. எல்லாவற்றுக்கும் 'தெரியவந்துள்ளது' என்று ஒரே வினையைப் போடுவதுதான் நம் அறிவியல் செய்திகளின் நீண்டகால நோய்.

உவமையும் செல்லப் பெயரும்

உவமை இல்லாமல் முடியாது. ஆனால் அது எங்கே முறியும் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். செல்லப் பெயர்களிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகம் 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் துகளைக் கண்டதாக அறிவித்தபோது, தமிழில் அது 'கடவுள் துகள்' ஆகிவிட்டது. பிற துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பதை விளக்க 1964-இல் முன்வைக்கப்பட்ட கருத்து அது; பக்தர்களும் நாத்திகர்களும் ஒரு வாரம் சண்டை போட்டார்கள், நிறையைப் பற்றி யாரும் பேசவில்லை. உங்கள் ஆய்வுக்குக் கவர்ச்சியான பெயர் ஒன்று தோன்றினால், விளக்கம் மறந்து பெயர் மட்டும் எஞ்சினால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நிருபரிடம் பேசும்போது, தலைப்பை அவர் எழுதுவதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆகவே நீங்கள் விரும்பாத தலைப்பு எது என்பதையும் அவரிடமே சொல்லிவிடலாம்: 'தயவுசெய்து மருந்து கண்டுபிடித்துவிட்டதாகப் போட வேண்டாம், நாங்கள் செய்தது எலிகளில்.' எண்களை எழுதிக் கொடுங்கள். நிதி யார் தந்தார்கள் என்பதை, கேட்கும் முன் சொல்லுங்கள்.

ஒரு செய்தியைத் திருத்திப் பார்ப்போம்

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பதப்படுத்தப்பட்ட இறைச்சியை 2015 அக்டோபரில் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. 'இறைச்சியும் சிகரெட்டும் ஒன்றே' என்ற பொருளில் உலகெங்கும் தலைப்புகள் வந்தன.

திருத்தத் தொடங்கும் முன், முதலில் சொன்னபடி, வாசகரின் கேள்விகள். நான் பேசிப் பார்த்தவர்கள் கேட்டவை மூன்று: எந்த இறைச்சி? எவ்வளவு தின்றால்? ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்கு எந்தத் தலைப்பிலும் விடை இல்லை.

அடுத்து, சொல். 'முதல் பிரிவு' என்பது நம் காதில் அபாயத்தின் உச்சம் என்று ஒலிக்கிறது. அந்த வகைப்பாடு அளப்பது சான்று எவ்வளவு உறுதியானது என்பதை மட்டுமே, கேடு எவ்வளவு பெரியது என்பதை அது சொல்லவில்லை. பிறகு, எண். நாளொன்றுக்கு 50 கிராம் கூடுதலாக உண்டால் குடல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுகிறது என்பது அறிவிப்பு. எவ்வளவிலிருந்து எவ்வளவு? பிரிட்டன் போன்ற நாட்டில் 100 பேரில் ஏறத்தாழ 6 பேருக்கு வாழ்நாளில் இந்நோய் வருகிறது. அந்த 100 பேரும் நாள் தவறாமல் 50 கிராம் கூட்டி உண்டால் அது 7 பேராகும். இந்தியாவில் இந்நோய் வருகிறவர்களே அதைவிடக் குறைவு என்பதால், அந்த 6-ஐ அப்படியே நம் ஊருக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி எழுதலாம்: 'உப்பிட்டோ புகையூட்டியோ பதப்படுத்திய இறைச்சியை நாள்தோறும் உண்பது குடல் புற்றுநோயைச் சற்றே கூட்டுகிறது என்பதற்கு உறுதியான சான்று உண்டு என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை கூறியுள்ளது. சாசேஜ், பேக்கன், ஹாம் ஆகியவை இதில் அடங்கும். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 34,000 புற்றுநோய் மரணங்களுக்குப் பதப்படுத்திய இறைச்சி மிகுந்த உணவு காரணமாகலாம் என்பது ஒரு மதிப்பீடு. புகையிலைக்கு அந்தக் கணக்கு ஏறத்தாழ 10 லட்சம். ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் பதப்படுத்தாத இறைச்சியை முகமை இதற்கு அடுத்த பிரிவில், அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வைத்துள்ளது. அதற்கான சான்று இவ்வளவு உறுதியாக இல்லை.'

இதை எழுதி முடித்ததும், முதலில் கேள்வி கேட்ட மூவரில் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, தாளை வாங்கி வைத்துக்கொண்டு, படித்ததை அவர் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடம் உங்கள் வாக்கியத்தின் பிழை என்று எடுத்துக்கொண்டு அதை மட்டும் திருத்துங்கள். என் பத்தியைப் படித்தவர் குழம்பு பற்றிய பகுதியைச் சரியாகவே சொன்னார். பிறகு, உப்புக்கண்டம் எதில் சேரும், கருவாடு எதில் சேரும் என்று கேட்டார். உப்பிட்டு உலர்த்திய ஆட்டிறைச்சி என்பதால் உப்புக்கண்டம் முகமையின் விளக்கப்படி பதப்படுத்தியதில் சேரும். மீன் அந்த மதிப்பீட்டில் இடம்பெறவே இல்லை. இரண்டு வாக்கியங்களையும் பத்தியில் சேர்த்தேன்.